இருபத்தொரு டிகிரி கோணலாக ஒரு பிரமிடு

போன மாதம் என் பழைய செக்‌ஷனிலிருந்து இரண்டு பெண்கள் கல்கத்தா டாலிகஞ்சில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இப்போதெல்லாம் ஒரு காட்சிப்பொருளைச் செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கட்டடத்தை நிறுத்தி, சூரியனை விரலால் நகர்த்தி, நிழல் எங்கே விழும் என்று பார்த்துவிடுகிறார்களாம். மார்ச் மாத வெயில் வேண்டுமா, ஒரு தட்டு. டிசம்பரா, இன்னொரு தட்டு. "நீங்கல்லாம் அந்தக் காலத்துல எப்படிச் செஞ்சீங்க, சம்பா-தி?" என்று கேட்டார்கள். "தப்பாச் செஞ்சோம்" என்றேன். சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

என் பெயர் செண்பகம். செண்பகப் பூவை வங்காளத்தில் சம்பா என்பார்கள், அக்காவைத் திதி என்பார்கள். இரண்டையும் சேர்த்து ஆபீஸ் முழுக்க என்னைச் சம்பா-தி ஆக்கிவிட்டார்கள். "நல்ல பேராத்தான் வெச்சிருக்கான், கூப்பிடறப்பல்லாம் சம்பாதி, சம்பாதின்னு உனக்கு ஞாபகப்படுத்துறான்" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்குத் துறைமுகத்தில் வேலை. கல்யாணமாகி அவரோடு கல்கத்தா வந்தவள், பாளையங்கோட்டையில் படித்த வரைபட டிப்ளமாவைப் பெட்டியில் பூட்டி வைப்பானேன் என்று ஒரு பரீட்சை எழுதினேன். மத்திய அரசின் சிறிய அறிவியல் அருங்காட்சியகம் ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை கிடைத்தது. பதவிதான் மேன், உட்கார்ந்தது நான். தொண்ணூறுகள் முழுக்க நீராவி எஞ்சினின் வால்வு, டைனோசரின் தாடை என்று வரைந்து தள்ளினேன். அதையெல்லாம் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வரும்.

சன்யால் சாரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பிரிவின் தலைவர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை, அதுதான் பயம். வரைபடத்தை அவர் மேஜையில் விரித்தால், முதலில் தேநீர்க் கோப்பையை எட்டாத தூரத்துக்கு நகர்த்துவார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு பென்சிலின் மொட்டை முனையை ஏதாவது ஓர் அளவின் மேல் வைத்து, "யார் சொன்னது?" என்பார். சரியா தப்பா என்பது அப்புறம். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், புத்தகம் இல்லையென்றால் எந்த ஆள் அளந்தது என்று சொல்லியாக வேண்டும். அதற்கென்றே எங்கள் தாளின் வலது ஓரத்தில் நீளமாக ஒரு கட்டம் உண்டு. "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சார்" என்று ஒருமுறை வாயைக் கொடுத்தேன். "எல்லாரும்னா யாரு? பேர் எழுதுங்க" என்றார். நாங்கள் பேசியதெல்லாம் வங்காளத்தில். உங்களுக்காக நான் தமிழில் எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்த புதிதில் தோட்டத்தின் மேற்கு மூலையில் ஒரு பிரமிடு கட்டலாம் என்று கிளம்பினார். எகிப்துப் பிரமிடு இல்லை. மெக்சிகோ நாட்டு யுகதான் பகுதியில் மாயர்கள் கட்டிய கோயில் பிரமிடு. ஒன்பது அடுக்கு. நாலு பக்கமும் தலா தொண்ணூற்றொரு படி, உச்சி மேடையை ஒரு படியாகச் சேர்த்தால் முந்நூற்று அறுபத்தைந்து, அதாவது வருஷத்தின் நாட்கள். வடக்குப் படிக்கட்டின் பக்கச் சுவர் தரையைத் தொடுகிற இடத்தில், வாயைப் பிளந்த கல் பாம்புத் தலை. மார்ச்சில் பகலும் இரவும் சமமாகிற நாளை ஒட்டி, சாயங்கால வெயிலில், பிரமிடின் அடுக்கு மூலை தன் நிழலை அந்தச் சுவர்மேல் போடும். நிழலுக்கு நடுவே ஏழு வெளிச்ச முக்கோணங்கள் மேலிருந்து கீழாகத் தோன்றி, கடைசியில் கல் தலையோடு சேரும். பார்க்கிறவர்களுக்கு ஒரு பாம்பு ஊர்ந்து இறங்குவதாகவே தெரியும். அவர்களுடைய இறகு முளைத்த பாம்புக் கடவுள் குகுல்கான் மண்ணுக்கு வருகிறான் என்று இன்றைக்கும் அந்த நாளில் அங்கே கூட்டம் அம்முகிறதாம்.

"அந்த ஊரும் நம்ம கல்கத்தாவும் பூமத்திய ரேகைக்கு வடக்கே கிட்டத்தட்ட ஒரே தூரம். ரெண்டு டிகிரிகூட வித்தியாசமில்ல" என்றார் சன்யால் சார். "அங்க விழற வெயில் இங்கயும் விழும். பல்பு வேண்டாம், சுவிட்ச் வேண்டாம். சூரியன் வந்து காட்டட்டும்."

எனக்கு அன்றைக்குப் பிடித்த பைத்தியம் லேசில் விடவில்லை. நம் ஊரில் விஷு என்கிறோமே, அந்தச் சொல்லே இரவும் பகலும் சமமான நாளைக் குறிப்பதுதான். வான்கணக்கு மெல்ல மெல்ல விலகி, நம் சித்திரை முதல் தேதி மூன்று வாரத்துக்கு மேல் தள்ளிப் போய்விட்டது. அடேயப்பா, கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ சோளம் விதைக்கிறவர்களும் அதே நாளைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்! உற்சாகத்தில் விளக்கப் பலகைக்கு 'மறைந்துபோன மாயர்கள்' என்று எழுதிக்கொண்டு போனேன். பென்சில் முனை வந்தது. "மறைஞ்சு போனாங்கன்னு யார் சொன்னது? அவங்க அங்கயேதான் இருக்காங்க. அவங்க பாஷையப் பேசறாங்க, அவங்க சோளத்தப் போடறாங்க." பாம்பை வேண்டுமென்றேதான் கட்டினார்கள் என்று எழுதியதையும் அடித்தார். அது திட்டமா தற்செயலா என்று படித்தவர்களே இன்னும் சண்டை போடுகிறார்களாம். 'என்று பலர் நம்புகிறார்கள்' என்று மாற்றி எழுதினேன்.

இவ்வளவு கேள்வி கேட்டவரும் ஒன்றைக் கேட்க மறந்தார்.

பிரமிடின் தரைப்படம் ஒரு வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து ஜெராக்ஸாக வந்தது. நடைபாதைக் கடையில் எடுத்தது, ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு, திசைக்குறி போன இடம் தெரியவில்லை. நடுவில் பிரமிடின் சதுரம் வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. புத்தகத்தைக் கண்ணாடிமேல் கோணலாகக் கவிழ்த்துவிட்டான் கடைக்காரன் என்று நினைத்தேன். நினைத்தது என்ன, சத்தியம் செய்திருப்பேன். பிறந்ததிலிருந்து நான் பார்த்த கோயிலெல்லாம் திசையோடு ஒட்டி நிற்பவை. சில கோயில்களில் குறிப்பிட்ட நாளில் வெயில் நேரே கருவறைக்குள் போய் விழும். சூரியனுக்காகக் கட்டிய கோயிலைப் போய் யாராவது கோணலாகக் கட்டுவார்களா? மாயர்களுக்கு உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு, T-ஸ்கொயரை வைத்து அவர்கள் கோயிலை நிமிர்த்தி வரைந்தேன். படிகளுக்குப் பக்கம் எண், அடுக்குகளுக்குப் பக்கம் எண் எல்லாம் எழுதினேன். வடக்கு அம்புக்குறிக்கு நேரே மட்டும் கட்டம் காலி. வடக்கை யார் வந்து சொல்ல வேண்டும்? சன்யால் சாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்த வடக்கை நான் கண்டுபிடித்த அழகைக் கேளுங்கள். சுற்றிலும் இரும்பு வேலி, காந்த ஊசியை நம்ப முடியாது. அதனால் தரையைச் சமமாக்கி, நடுவில் ஒரு கம்பியைத் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக நட்டு, அதைச் சுற்றி வட்டம் போட்டேன். காலையில் கம்பியின் நிழல் நுனி வட்டத்தைத் தொட்ட இடத்தில் ஓர் ஆணி, பிற்பகலில் மறுபடி தொட்ட இடத்தில் இன்னோர் ஆணி. இரண்டையும் நூலால் இணைத்தால் அச்சு அசல் கிழக்கு மேற்கு. நம் ஸ்தபதிகள் செய்கிற முறைதான். மூன்று நாள் செய்து மூன்று நாளும் நூல் ஒரே கோட்டில் விழுந்தது. அவ்வளவு துல்லியமாகத் தப்புச் செய்தேன்.

கட்டியவர் நிதாய்-தா. கொத்தனார். என்னைவிட மூத்தவர், அதனால் 'தா', அண்ணன். பதினோரு வருஷமாகத் தினக்கூலி. ஒவ்வோர் ஏப்ரலிலும் நிரந்தரமாக்கப்படுகிறவர்கள் பட்டியல் வரும். பிரமிடு முடிந்த வருஷத்து ஏப்ரலுக்கான பட்டியலில் அவர் பெயர் ஏறியிருந்தது. விட்டால் அடுத்த வருஷம் ஒரே ஒரு வாய்ப்பு, அதற்கப்புறம் வயது தாண்டிவிடும். பிரமிடு ஒன்பதடிச் சதுரம், நாலடி உயரம், அதற்குள் அரை அங்குலத்துக்கு ஒரு படியாகத் தொண்ணூற்றொன்று. தகரத்தில் ஓர் அச்சு வெட்டி வைத்துக்கொண்டு, ஈரச் சிமெண்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பார். ஒரு படி பிசகினால் மொத்தத்தையும் வழித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். மறுவருஷம் ஜனவரி பாதியிலேயே சுவர் பூச்சு முடிந்துவிட்டது.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை சீக்கிரமே, ஜனவரி கடைசியில் வந்தது. முந்தின நாள் பிற்பகல் நாங்கள் காகிதத் தோரணம் ஒட்டிக்கொண்டிருந்தபோது நிதாய்-தா ஓடி வந்து வாசலில் நின்றார். கையெல்லாம் சுண்ணாம்பு.

"சம்பா-தி, உங்க பாம்பு எறங்குது! வந்து பாருங்க!"

"மார்ச்சுல வர வேண்டிய பாம்புக்கு என்ன அவசரமாம்? பூஜைக்கு முன்னாடியே பாங்கு உருண்டை போட்டாச்சா நிதாய்-தா?" என்றேன்.

அறையே சிரித்தது. பக்கத்து மேஜைக்காரி இலந்தை ஊறுகாயை நீட்டி, "இந்தாங்க, போதை தெளியும்" என்றாள். பூஜை முடியாமல் இலந்தை தொடக் கூடாது என்று நிதாய்-தா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். எழுந்து போய்ப் பார்த்திருந்தால் இருபது அடி நடந்திருப்பேன். பசை காய்ந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் இருபதாம் தேதி பள்ளி ஆசிரியர்கள், மேலதிகாரிகள், நாற்காலி, சமோசா எல்லாம் ஏற்பாடு. வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. நாலு மணி ஆயிற்று, நாலே கால் ஆயிற்று, பாம்பு வர வேண்டிய பக்கச் சுவர் முழுக்கப் பளீரென்று வெயில். ஒரு துண்டு நிழல் இல்லை. ஒரு ஆசிரியை மட்டும் மரியாதைக்கு, "படிக்கட்டு ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

மறுநாள் நிர்வாக அதிகாரி வந்து பிரமிடைச் சுற்றிப் பார்த்தார். வரைபடத்தில் இரண்டு கையெழுத்து இருக்கிறது, ஆகவே வரைபடம் சரி, ஆகவே கட்டினவன்தான் அளவு மாற்றிவிட்டான் என்று அவருக்கு அரை நிமிஷத்தில் விளங்கிவிட்டது. நிதாய்-தாவின் கோப்பில் 'வேலையில் அலட்சியம்' என்று ஒரு குறிப்பு ஏறியது. பட்டியலில் பெயர் அடிபட்டது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்.

நிதாய்-தா கருவிகளைத் தோட்டக் குழாயில் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். நிமிரவில்லை.

"நான் ஒரு நூல் அளவுகூட மாத்தல திதி. நான் கட்டினதுல பாம்பு வந்துச்சு. இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"எந்த நேரம்?" கேள்வி என்னையறியாமல் வந்துவிட்டது.

"நாலுக்குக் கால் மணி இருக்கறப்ப. ஏழு துண்டு. எண்ணினேன்."

"நாள் நிச்சயமாத் தெரியுமா?"

"அன்னைக்குத்தானே இலந்தை ஊறுகாய வேண்டாம்னேன்? பூஜைக்கு மொத நாள்."

ஏழு என்ற எண்ணை நாங்கள் யாரும் அவரிடம் சொன்னதே இல்லை. ஜனவரி கடைசியில் சூரியன் மேற்கிலிருந்து நன்றாகத் தெற்கே தள்ளி இறங்கும். மார்ச்சில் கிட்டத்தட்ட நேர் மேற்கு. அப்படியானால் பாம்பு வர, வெயில் கட்டடத்தின் மேல் ஒரு குறிப்பிட்ட சாய்வில் விழ வேண்டும். அந்தச் சாய்வு எங்கள் பிரமிடுக்கு ஜனவரியில் கிடைக்கிறது. மார்ச்சிலேயே கிடைக்க வேண்டுமென்றால் சூரியனையா திருப்ப முடியும்?

அனுமதிக்காகச் செய்த தெர்மோகோல் மாதிரி ஒன்று பீரோமேல் தூசி படிந்து கிடந்தது. அதை ஒரு பலகையில் வைத்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். நாலே கால் மணி வெயிலில் முதலில் வடக்குத் தெற்காக வைத்தேன், சுவர் முழுக்க வெளிச்சம். வடக்கு முகத்தைக் கிழக்குப் பக்கமாக மெல்லத் திருப்பினேன். பத்து டிகிரி, ஒன்றுமில்லை. பதினைந்தில் மேல் விளிம்பில் ஒரு கறுப்புப் பல் எட்டிப் பார்த்தது. அப்புறம் ஒன்று, இன்னொன்று. ஏழும் வந்து நின்றதும் திருப்புவதை நிறுத்தினேன். கோணமானியை வைத்தேன். இருபத்தொன்று.

கீழே ஓடிப்போய் அந்த ஜெராக்ஸைத் தேடி எடுத்தேன். சாய்ந்த சதுரத்தின் மேல் கோணமானி. அதுவும் இருபத்தொன்று. தாளின் அடியில் படத்தைப் பற்றி ஒரே ஒரு வரி அச்சாகியிருந்தது. அந்த வரி தாளின் விளிம்போடு நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. புத்தகம் கோணலாகக் கிடந்திருந்தால் எழுத்தும் கோணலாகியிருக்க வேண்டாமா? ஒரு வருஷமாக என் கண் முன்னால் இருந்த வரி. கோணல் கடைக்காரன் கையில் இல்லை, மாயர்கள் கட்டினதே அப்படித்தான். அதை நிமிர்த்தியவள் நான். நிதாய்-தா என் தப்பை அரை அங்குலம்கூடப் பிசகாமல் கட்டிக்கொடுத்திருக்கிறார்.

அன்று ராத்திரி வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். "வாயை மூடிக்கிட்டு இருந்தா ஒருத்தருக்கும் தெரியப் போறதில்ல" என்றார் என் வீட்டுக்காரர். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஆனா உனக்குத் தெரியுமே" என்றார். உள்ளதைச் சொல்கிறேன், சும்மா இருந்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. ஒரு மணி நேரம் தோன்றியது.

மறுநாள் ஜெராக்ஸையும் தெர்மோகோல் மாதிரியையும் சன்யால் சார் மேஜையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பையை நகர்த்தினார். கண்ணாடியைத் துடைத்தார். பென்சில் முனை, காலியாக விட்ட கட்டத்தில் போய் நின்றது. வழக்கமான கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "இதுல என் கையெழுத்தும் இருக்கே" என்றார். அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை.

அன்றே குறிப்பு எழுதினார். தவறு வரைபடத்தில், பொறுப்பு எங்கள் இருவருடையது, கொத்தனாருக்குத் தொடர்பில்லை. எனக்கு ஒரு மெமோ வந்தது. ஆனால் நிர்வாக அதிகாரி அசையவில்லை. "ஏழையக் காப்பாத்த நினைக்கிறீங்க, நல்ல மனசு. உலகத்துல எந்தக் கோயில் மேடம் கோணலா நிக்குது? அடுத்த மார்ச்சுல பாம்பக் காட்டுங்க, நானே குறிப்ப எடுத்துடறேன். பாம்பு வரலைன்னா மன்னிச்சுக்குங்க." அடுத்த மார்ச் என்றால் நிதாய்-தாவின் கடைசி ஏப்ரலுக்கு முந்தின மாதம்.

மழைக்காலம் முடிந்து பழைய பிரமிடை இடித்தார்கள். இடித்ததும் அவரேதான். பழுதே இல்லாத தன் படிகளை ஒவ்வொன்றாகக் கடப்பாரையால் நெம்பினார். நான் அருகே போனேன். "என் தப்புக்கு நீங்க இடிக்கிறீங்களே நிதாய்-தா, என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது. "தூசி, தள்ளி நில்லுங்க" என்றார். அவ்வளவுதான். இருபத்தொரு டிகிரிக்கு நூல் கட்டியபோது மட்டும் என் கோணமானியைத் தன் கையில் வாங்கி, தானே இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டார்.

அடுத்த மார்ச் இருபது. நாற்காலி இல்லை, சமோசா இல்லை. சன்யால் சார், நிர்வாக அதிகாரி, நிதாய்-தா, நான். மூன்றரை மணிக்கு வடமேற்கில் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த மாதத்து மேகத்தைக் கல்கத்தாவில் யாரும் நம்ப மாட்டார்கள். புழுதிக் காற்று கிளம்பிற்று. நாலு மணிக்குச் சூரியன் போன இடம் தெரியவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நாளைக்கு வந்து பார்க்கலாம் என்று சன்யால் சார் கெஞ்சாத குறையாகச் சொன்னார். நாளை தனக்கு அலிப்பூர் கோர்ட்டில் வேலை இருக்கிறது, அதற்கப்புறம் லீவு என்றார் அவர். நிதாய்-தா தலைத்துண்டை முறுக்கிக்கொண்டே சுவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். பிள்ளையாரப்பா, பத்தே நிமிஷம், என்று நான் வேண்டாத தெய்வமில்லை, அந்தப் பாம்புச் சாமி உட்பட.

நாலு இருபதுக்கு மேகத்தின் கீழ் விளிம்பு கிழிந்தது. மஞ்சள் வெயில் சரிந்து வந்து விழுந்தது. சுவரின் உச்சியில் ஒரு முக்கோணம், அதன் கீழ் இன்னொன்று. ஐந்து, ஆறு. ஏழாவது வந்து சிமெண்டுத் தலையைத் தொட்டபோது நிர்வாக அதிகாரி, "அரே பாப்ரே!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் தொண்டையைச் செருமி, "சன்யால் பாபு, அந்தக் கோப்ப என் மேஜைக்கு அனுப்புங்க. பேரையும் பட்டியல்ல சேர்த்துடலாம்" என்றார். காற்று பலமாகவே இருவரும் கட்டடத்தை நோக்கி நடந்தார்கள்.

நிதாய்-தா நகரவில்லை. நானும் நின்றேன். மூன்று நான்கு நிமிஷத்தில் மேகம் மூடி, பாம்பு போய்விட்டது. அவர் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. வேலையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"போன வருஷமே வந்து கூப்பிட்டேனே திதி" என்றார். "நீங்க மட்டுமாவது எழுந்து வந்திருக்கலாம்."

"வந்திருக்கணும் நிதாய்-தா" என்றேன். முதல் மழைத்துளி விழுந்தது. அவர் தன் தலைத்துண்டை என்னிடம் நீட்டினார்.